பர்ன்ஸ் இரவு விருந்து: ஹாகிஸை விட அதிக நேரம் எடுப்பது பேச்சு

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளை ஒட்டி ஜனவரியில் நடக்கும் விருந்து இது. டிக்கெட்டில் மாலை 7 மணி என்று போட்டிருக்கும். ஆட்டு உள்ளுறுப்புகளும் ஓட்ஸும் சேர்த்து அடைத்த ஹாகிஸ் கூடத்துக்குள் வரும்போது ஏறக்குறைய எட்டு ஆகிவிடும். ஒன்பதேகாலுக்குச் சாப்பாடு முடியும். அதற்குப் பிறகு பதினொன்றரை வரை பேச்சும் பாட்டும்தான். சாப்பாட்டை மட்டும் மனதில் வைத்து டிக்கெட் வாங்கியவர்கள் நாற்காலியில் நெளிய ஆரம்பிப்பது இந்த இரண்டாம் பாதியில். ஆட்டு நுரையீரல் என்றதும் முகம் சுளித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. தயார் செய்துகொண்டு போகவேண்டியது காதுகளைத்தான்.

ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25, அயர்ஷயரில் உள்ள ஆலோவே கிராமத்தில், அப்பா தன் கையால் கட்டிய கூரை வீட்டில். இறந்தது 1796 ஜூலை 21, டம்ஃப்ரீஸ் ஊரில், 37 வயதில். ஐந்து வருடம் கழித்து 1801 ஜூலையில் அவருடைய அன்பர்கள் ஒன்பது பேர் அந்தக் கூரை வீட்டிலேயே கூடினார்கள். வீடு அப்போது மதுக்கடையாக மாறியிருந்தது. ஹாமில்டன் பால் என்ற பாதிரியார் ஏற்பாடு செய்த அந்தக் கூட்டத்தில் ஹாகிஸும் ஆட்டுத்தலையும் பரிமாறப்பட்டன, ஹாகிஸைப் பற்றிய பர்ன்ஸின் கவிதை படிக்கப்பட்டது, கவிஞரின் நினைவுக்குக் கோப்பை உயர்த்தப்பட்டது. இன்றைய நிகழ்ச்சி நிரலின் எலும்புக்கூடு அதுதான். அடுத்த ஆண்டு கிரீனாக் ஊர்ச் சங்கத்தார் பிறந்தநாளுக்கு மாற்றி ஜனவரி 29 அன்று கொண்டாடினார்கள். தேதி தப்பு என்பது அயர் திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்த பிறகே தெரிந்தது. அதன்பின் 25 நிலைத்தது.

எங்கே போவது? எடின்பரோ, கிளாஸ்கோ ஓட்டல்கள் நடத்தும் விருந்துகளுக்கு இணையத்தில் எளிதாக டிக்கெட் கிடைக்கும். அங்கே ஹாகிஸ் சடங்கு இருக்கும், ஒரு பாட்டு இருக்கும், பிறகு நடனக் குழு வந்துவிடும். படம் எடுத்துக்கொள்ள அது போதும். முழு விருந்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஊர்ப் பர்ன்ஸ் சங்கங்கள் நடத்துவதற்குப் போகவேண்டும். அயர், கில்மார்னக், டம்ஃப்ரீஸ் பக்கம் இவை அதிகம். உறுப்பினர்களுக்கே முதல் உரிமை. மிச்சமிருக்கும் இடங்களுக்கு நவம்பரிலேயே எழுதிக் கேட்பது நல்லது. எல்லா விருந்தும் 25ஆம் தேதியில் நடப்பதில்லை. நல்ல பேச்சாளர்களுக்கும் பேக்பைப் என்ற ஊதுகருவி வாசிப்பவர்களுக்கும் அன்று பல ஊர்களிலிருந்து அழைப்பு இருப்பதால், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை வார இறுதிகளில் பரவிக் கிடக்கும். 25ஆம் தேதி இடம் கிடைக்கவில்லை என்று பயணத்தையே கைவிடத் தேவையில்லை. டிக்கெட்டில் சாப்பாடும், வாழ்த்துக்கான ஒரு வாய் விஸ்கியும் பெரும்பாலும் அடங்கும். மற்ற பானங்களுக்குத் தனியாகக் காசு.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் உருளைக்கிழங்கு மட்டும்தான் கிடைக்கும். ஹாகிஸ் ஆட்டுப் பண்டம் என்று பொதுவாகச் சொன்னாலும், கடை ஹாகிஸ் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருக்கும். மேலுறையும் மாட்டுக் குடலாக இருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். முதலில் வரும் சூப் அநேகமாகக் கோழியும் லீக் என்ற வெங்காயத்தாள் வகையும் போட்ட காக்-ஆ-லீக்கியாக இருக்கும். சைவத்துக்குச் சங்கடமில்லை: 1984இல் எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறந்தபோது, அந்த விழாவுக்கென்றே மக்ஸ்வீன் என்ற கசாப்புக் குடும்பம் சைவ ஹாகிஸ் செய்தது. பருப்பு, பீன்ஸ், காய்கறி, ஓட்ஸ் சேர்ந்தது. இன்று பெரும்பாலான விருந்துகளில் உண்டு. சொல்லப்போனால் மிளகு அதில் இன்னும் தூக்கலாகத் தெரியும். கடைசியில் வரும் கிரானகன் என்ற க்ரீம் இனிப்பு சைவம்தான், ஆனால் க்ரீமில் விஸ்கி கலந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்கவும்.

அசல் ஹாகிஸில் இருப்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு, உடைத்த ஓட்ஸ், வெங்காயம், மிளகு, ஜாதிபத்திரி போன்ற மசாலா, உப்பு, வேகவைத்த தண்ணீர். உள்ளுறுப்புகளை வேகவைத்து அரைத்து, மற்றவற்றோடு பிசைந்து ஆட்டு இரைப்பையில் அடைத்துத் தைப்பார்கள். வாயில் போட்டால் கொத்துக்கறி போட்டுக் கிளறிய கோதுமைரவை உப்புமா மாதிரி இருக்கும், மிளகுக் காரத்தோடு. நுரையீரல் இருப்பதால் அமெரிக்கா 1971 முதல் இதை நாட்டுக்குள் விடுவதில்லை.

கூடவே மசித்த ஸ்வீட் (swede) என்ற டர்னிப் வகைக் கிழங்கும் மசித்த உருளைக்கிழங்கும். ஸ்காட்லாந்துக்காரர்கள் நீப்ஸ், டாட்டீஸ் என்பார்கள். நீப்ஸ்தான் அதிகம் சொதப்பும் பண்டம். மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்தக் கிழங்கில் தண்ணீர்ச் சத்து அதிகம்; வேகவும் உருளைக்கிழங்கை விட நேரம் பிடிக்கும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் ஒன்று கரையும், ஒன்று கடிபடும். வடித்த பிறகு திரும்ப அடுப்பில் ஓரிரு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசிக்கவேண்டும். தட்டில் மஞ்சள் தண்ணீர் ஓடி ஹாகிஸை நனைத்தால் சமையல்காரர் அவசரப்பட்டார் என்று அர்த்தம். விஸ்கி சாஸ் ஊற்றித் தரும் இடங்களில் அதைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குவேன். க்ரீம் பட்டதும் மிளகு மழுங்கிவிடுகிறது.

உடை விஷயத்தில் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பின்பற்றினால் போதும். கோட்டு போதுமென்றால் கோட்டு. பட்டுச் சேலை எந்தக் கூடத்திலும் பொருந்தும். ஆண்கள் கில்ட் என்ற ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் பேன்ட் அளவு சொல்லி எடுக்காதீர்கள். கில்ட் தொப்புள் உயரத்தில் கட்டும் உடை. அங்கேதான் இடுப்பு அளவு எடுக்கவேண்டும். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்கவேண்டும். மடிப்புகள் பின்னால், தட்டையான பகுதி முன்னால். கில்ட் ஊசியை முன்பக்கம் மேலே வரும் துணியில் மட்டும் குத்தவேண்டும். அடியில் இருக்கும் துணியையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். உட்காரும் முன் பின்பக்கத்தைக் கையால் தடவி மடிப்பைச் சமன் செய்துகொள்ளவும். காலுறையில் செருகும் சிறு கத்தியை வாங்கி ஊருக்குக் கொண்டுபோவதென்றால் செக்-இன் பெட்டியில் மட்டும்.

இனி நிகழ்ச்சி. தலைவர் வரவேற்பு, அடுத்து செல்கர்க் கிரேஸ். சாப்பாடு இருந்தும் சாப்பிட முடியாதவர், சாப்பிட ஆசையிருந்தும் சாப்பாடு இல்லாதவர், நமக்கோ இரண்டும் உண்டு, கடவுளுக்கு நன்றி என்று நாலே வரி. பர்ன்ஸ் பெயரில் வழங்கினாலும் அவருக்கு முன்பே இருந்த பிரார்த்தனை. பிறகு சூப். சூப் கிண்ணங்களை எடுத்ததும் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். பேக்பைப் வாசிப்பவர் முன்னால், தட்டில் ஹாகிஸோடு சமையல்காரர் பின்னால், கவிதை சொல்லப்போகிறவர் அவருக்கும் பின்னால். ஹாகிஸ் தலைமை மேசைக்குப் போய்ச்சேரும் வரை தாளத்துக்குக் கைதட்டல். பேக்பைப் மூடிய கூடத்தில் காதைப் பிளக்கும். வாசல் பக்கத்து மேசை கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள்.

1786இல் எழுதிய அந்தக் கவிதைக்கு எட்டுப் பத்திகள், பத்திக்கு ஆறு வரிகள். நன்றாகச் சொல்கிறவர் கையில் தாள் இருக்காது. முதல் இரண்டு பத்தியில் ஹாகிஸின் உருண்ட உடம்பைக் கையால் சுட்டிக்காட்டிப் புகழ்வார். மூன்றாவது பத்தியைக் கவனியுங்கள். முதல் வரியில் உழைப்பாளி கத்தியைத் துடைக்கிறான். சொல்கிறவரும் கத்தியைத் தன் சட்டைக் கையில் துடைப்பார். இரண்டாவது வரியில் குத்து. கத்தி ஒரு முனையில் இறங்கி மறுமுனை வரை இழுபட, உறை பிளந்து உள்ளிருப்பது பிதுங்கி வெளியே சரியும். பத்தியின் கடைசி வரி ஆவி பறக்கிறது என்று முடியும்போது தட்டிலிருந்தும் ஆவி எழவேண்டும்.

இது தவறுவதற்கும் வழிகள் உண்டு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மறுபடி சூடாக்கும் உணவு 82 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். அந்தச் சூட்டில் உறை பலூன் போல விறைத்து நிற்கும். வேகமாகக் குத்தினால் கொதிக்கும் கொழுப்பு சொல்கிறவரின் சட்டையில், சில சமயம் தலைவரின் முகத்திலும் தெறிக்கும். விவரமான சமையல்காரர் ஊர்வலத்துக்கு முன்பே, கூட்டத்துக்குத் தெரியாத பக்கத்தில் சிறு கீறல் போட்டு ஆவியை விட்டுவிடுவார். செயற்கை உறை என்றால் வேறு தொல்லை: வழுவழுப்பில் கத்தி சறுக்கும். காலுறைக் கத்தி பார்க்க அழகு, 2 கிலோவுக்கு மேற்பட்ட ஹாகிஸை அறுக்க அது காணாது. சமையல் கத்தியோ நீண்ட டர்க் கத்தியோ வேண்டும். கூடத்துக்குள் நாலு சுற்று ஊர்வலம் போனால் ஹாகிஸ் ஆறி, ஆவி என்ற வரிக்கு எதுவும் எழாது. கடைசி வரியான "கீ ஹர் எ ஹாகிஸ்!" வரும்போது தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்துவார். நீங்கள் விஸ்கியை உயர்த்தி "தி ஹாகிஸ்!" என்று சொல்லவேண்டும். மது தொடாதவர்கள் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பைப் வாசித்தவருக்கும் சமையல்காரருக்கும் ஆளுக்கு ஒரு கோப்பை விஸ்கி. அந்தப் பெரிய ஹாகிஸ் பெரும்பாலும் காட்சிக்கு மட்டுமே. உங்கள் தட்டுக்கு வருவது சமையலறைத் தட்டங்களில் தயாராக இருப்பது.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு: பிரிட்டனில் கடையில் விற்பது ஏற்கனவே வெந்தது. பிளாஸ்டிக் வெளியுறையைக் கழற்றி அலுமினியத் தாளில் சுற்றி, தண்ணீர் லேசாகச் சலசலக்கும் சூட்டில், 500 கிராமுக்கு முக்கால் மணி நேரம் வையுங்கள். அது மூன்று பேருக்குப் போதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பானைக்குள்ளேயே வெடித்துக் கஞ்சியாகிவிடும்.

தட்டுகளை எடுத்த பிறகு வருவதுதான் இரவின் மையம்: அழியா நினைவு என்று பெயர் கொண்ட உரை. 15 முதல் 25 நிமிடம். நல்ல உரை பர்ன்ஸைத் தூக்கிவைத்து ஆடாது. 1786இல் கில்மார்னக்கில் 612 பிரதிகள் அச்சான முதல் தொகுப்பு வேகமாக விற்றுத் தீராமலிருந்தால், அவர் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டம் ஒன்றில் கணக்கெழுதப் போயிருப்பார். விஸ்கியைப் பாடியவர் 1789 முதல் கலால் அதிகாரி. இந்த முரண்களைப் பேசும் உரைதான் கேட்கத் தகுந்தது. அசட்டு நகைச்சுவையால் நேரத்தை நிரப்பும் உரைகளும் உண்டு. சங்க விருந்தில் யார் பேசுகிறார் என்று முன்கூட்டியே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து டிக்கெட் வாங்குவது புத்திசாலித்தனம். உரை முடிந்ததும் எல்லோரும் எழுந்து கோப்பை உயர்த்துவார்கள்.

பிறகு பெண்களுக்கான வாழ்த்து, பெண்கள் தரும் பதில். முதலாவது பழைய மாமியார்-மருமகள் ஜோக் தரத்துக்கு இறங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் அதைத் தவிடுபொடியாக்கும். இடையிடையே பாட்டுகள். டாம் ஓ'ஷான்டர் என்ற நெடுங்கவிதையை ஒருவர் நடித்தே சொல்வார், கால் மணி நேரம் வரை. அயர் சந்தையில் குடித்துவிட்டுக் குதிரையில் வீடு திரும்பும் டாம், ஆலோவே பாழ்கோயிலில் சூனியக்காரிகள் ஆடுவதைப் பார்த்து மாட்டிக்கொண்டு, டூன் ஆற்றுப் பாலம் வரை தப்பி ஓடும் கதை. ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலேயருக்கே பாதி புரியாது. இந்தக் கவிதையையும் ஹாகிஸ் கவிதையையும் அருஞ்சொற்பொருளோடு ஒருமுறை படித்துவிட்டுப் போனால் இரவு முழுக்க உங்களுடையது. அன்று பகலிலேயே ஆலோவே போய்வந்தால் இன்னும் நல்லது. கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து அயருக்கு ரயிலில் ஒரு மணிக்குள்தான், அங்கிருந்து பேருந்து. கூரை வீடு, கூரையில்லாத கோயில், ஒற்றை வளைவுப் பாலம் எல்லாம் நடக்கும் தூரம். ஜனவரியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முடிவில் ஆல்ட் லாங் சைன் என்ற பர்ன்ஸ் பாட்டு. வட்டமாக நின்று பக்கத்திலிருப்பவர் கையை இயல்பாகப் பிடித்தால் போதும். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிப்பது, இதோ என் கை என்று வரும் கடைசிப் பத்தியில் மட்டும். முதல் வரியிலேயே மாற்றுகிறவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

விருந்து முடியும் நேரத்துக்குக் கடைசி ரயில் பெரும்பாலும் போயிருக்கும். அதே ஊரில் அறை எடுங்கள். காரை எடுக்கவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் உள்ள 80ஐ விடக் குறைவு. மறுநாள் காலையிலும் வரம்பைத் தாண்டி இருக்க வாய்ப்புண்டு. டம்ஃப்ரீஸில் தங்கினால் பர்ன்ஸ் இறந்த வீடும், புனித மைக்கேல் கோயில் முற்றத்துக் கல்லறையும் பக்கத்துப் பக்கம். 1610 முதல் நடக்கும் குளோப் இன் மதுக்கடையில் அவர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. அதில் உட்காரலாம். உட்கார்ந்தால் பர்ன்ஸ் கவிதை வரி ஏதாவது சொல்லவேண்டும். வரவில்லையென்றால் கடையிலிருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் செலவில் ஒரு சுற்று. ஹாகிஸ் கவிதையின் முதல் இரண்டு வரியை முந்தின இரவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், செலவு மிச்சம்.