இடைக்காட்டூர் செங்கல்

மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறி, முத்தனேந்தலில் இறங்கி, வைகைப் பாலத்தைத் தாண்டினால் இடைக்காட்டூர். மதுரையிலிருந்து மொத்தமே 36 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாற்பது வயதுக்கு மேல்தான் நான் முதல் தடவை போனேன், அதுவும் அம்மா கேட்டதற்காக. சின்ன வயதில், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் பார்க்க அம்மா அங்கே இருக்கும் கிறிஸ்தவக் கோவிலுக்குப் பல வருஷம் போயிருக்கிறார். வண்டி கட்டிக்கொண்டு, பாயும் கட்டுச்சோறுமாகப் பொழுது சாயப் போய்ச் சேர்ந்து, விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டு இருட்டு பிரியும் முன்பே திரும்பிவிடுவார்களாம். "அந்தக் கோவிலை நான் பகல்ல பார்த்ததே இல்லப்பா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

அந்தச் சாலையில் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன், வழி நெடுக மண்தான். சிலைமானைத் தாண்டியதும் கீழடி, அங்கே குழிக்குள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கிடந்து வெளியே வந்த செங்கல் சுவர்கள். அப்புறம் திருப்புவனம், திருப்பாச்சேத்தி. பஸ் போய் நிற்கிற மானாமதுரையில் கடம் செய்கிறார்கள், கச்சேரி மேடையில் தட்டுகிற அதே கடம். மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நம் காளவாசலுக்கே பேர் வந்தது செங்கல் சூளையால்தான். இடைக்காட்டூர் கோவிலும் இந்த வரிசையில் வருகிற ஒன்றுதான் என்பது நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

திருஇருதய ஆண்டவர் ஆலயம், கட்டியது 1894-இல். ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார், தன் நாட்டில் இருக்கும் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார். மரி அன்னை என்கிற பிரெஞ்சுப் பெண்மணி பணம் கொடுத்து உதவினார் என்று ஊரில் சொல்கிறார்கள். பலிபீடத்துக்கு அடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட புனிதர்களின் திருப்பண்டங்கள், அதாவது அவர்களுடைய புனித நினைவுப் பொருள்கள் இருக்கின்றன, சுடுமண் சுரூபங்கள் பிரான்சிலிருந்து வந்தவை. இதெல்லாம் இருக்கட்டும், என்னை அசையவிடாமல் நிறுத்தியது சுவர்தான். ரெய்ம்ஸில் கல்தச்சர்கள் உளி பிடித்துச் செதுக்கியதை இங்கே செங்கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்காகச் சுமார் 200 வகை அச்சுச் செங்கற்களையும் ஓடுகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த 200 என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். மண் காய்ந்தால் சுருங்கும், சூளையில் வைத்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஆக, வளைவுக்கு ஒரு கல், அதன் முனைக்கு வேறு ஒரு கல், தூணைச் சுற்றி வரும் விளிம்புக்கு இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் அச்சைக் கணக்குப் பார்த்துச் சற்றுப் பெரிதாகச் செய்திருக்க வேண்டும். சூளையில் இரண்டு கல் கோணிவிட்டால் போச்சு, மேலே வளைவு சேராது. ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து அந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். எத்தனையோ தடவை வர்ணம் ஏறி ஓரமெல்லாம் மழுங்கியிருக்கிறது, ஆனாலும் ஒரு கல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் மெலிசான ஒரு கோடாக விரலுக்குத் தட்டுப்பட்டது. அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். "அதிரசம் மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டியிருக்காங்க" என்றார்.

வாசலில் ஒரு பெரியவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தோம். இளவட்டமாக இருந்தபோது பாஸ்காவில் சேவகன் வேஷம் கட்டியவராம். அம்மாவைப் பார்த்து, "எந்த வருஷம் வந்தீக தாயி? அப்ப நான்தான் ஈட்டி பிடிச்சு நின்னிருப்பேன்" என்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஈஸ்டருக்குப் பிறகு நடக்கிற அந்த நாடகத்தில் நடிப்பது ஊர்க்காரர்கள்தான், பார்க்க வருகிற கூட்டத்தில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உண்டு. "எங்க அப்பா இதுல நடிச்சாரு, நான் நடிச்சேன், இப்ப என் பேரன் நடிக்கிறான். பாஸ்கா வருதுன்னாத்தான தம்பி, எந்த மூலையில எது பேந்திருக்குன்னு அண்ணாந்து பாக்குறோம்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பத்தா ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஊரில் ஒரு சின்னக் கோவில் இருந்தது. பனங்கை போட்ட நாட்டு ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், தேக்குக் கதவு. தவக்காலம் வந்தால் அதற்குள்தான் வாசாப்பு என்கிற கிறிஸ்தவக் கூத்துக்கு ஒத்திகை நடக்கும், அரிக்கேன் வெளிச்சத்தில் பனங்கைகளின் நிழல் ஆடுவதைப் பார்த்தபடியே நான் அப்பத்தா மடியில் தூங்கிப்போயிருக்கிறேன். ஒரு வருஷம் சுவர் பேர்கிறது என்று யாரோ சொல்ல, நல்லது செய்கிற எண்ணத்தில் சிமெண்டை அள்ளிப் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. நாலைந்து மழைக்காலம் போனதும் சுவர் உப்பிக்கொண்டு நிற்க, கட்டடம் இனித் தாங்காது என்று முடிவு செய்து இடித்தார்கள். பனங்கையெல்லாம் விறகுக்குப் போனது. புதுக் கோவிலில் தரைக்கு டைல்ஸ் போட்டதோடு, உள்ளே கூத்து வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். வாசாப்பு நின்றது. பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பழைய கதவின் தாழ்ப்பாள் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அதனால்தான் இடைக்காட்டூரைக் கயிறு கட்டிக் காட்சிப்பொருளாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குத் திக்கென்கிறது. ஊர் புழங்குவதால்தான் அந்தக் கட்டடம் நன்றாக இருக்கிறது. ஆனால் புழங்கினால் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த 200 அச்சையும் ஒன்றுவிடாமல் அளந்து வரைந்து வைக்க வேண்டும். ஒரு கல் உடைந்தால் அந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பாமல், பக்கத்திலேயே மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் வேளார்களிடம் அதே அளவில் சுட்டு வாங்கி, சுண்ணாம்பில் வைக்க வேண்டும். கடத்துக்குச் சுருதி கணக்குப் பார்த்துச் சுடுகிற கைகளுக்கு இது முடியாத வேலையா என்ன?

ரெய்ம்ஸில் என்ன ஆனது என்று பாருங்கள். இடைக்காட்டூரில் கோவில் எழும்பி இருபதே வருஷத்தில், 1914 செப்டம்பர் 19 அன்று, ஜெர்மானியக் குண்டுகள் அங்கே விழுந்தன. பழுது பார்க்கக் கட்டியிருந்த மரச் சாரத்தில் தீப்பிடித்து, ஓக் மரக் கூரை மொத்தமும் எரிந்து, ஈயத் தகடுகள் உருகி வழிந்தன. அதே ஊரில் பிறந்த ஹென்றி தெனே என்ற கட்டடக் கலைஞர்தான் கூரையைத் திரும்ப எழுப்பினார். பழைய தச்சர்கள் மரத்துண்டுகளைக் கோத்த முறையிலேயே சின்னச் சின்ன கான்கிரீட் துண்டுகளை வார்த்து, ஓக் ஆப்பு அடித்துக் கோத்தார். பேராலயம் முழுசாகத் திறக்க 1938 ஆகிவிட்டது. ஊரே குண்டில் நொறுங்கிக் கிடந்த காலத்திலும் அதைக் கைவிட அவர்களுக்கு மனசு வரவில்லை. நமக்கு இங்கே குண்டு விழவில்லை. மழை மட்டும்தான், அதுவும் எப்போதாவது.

நாலு மணி வாக்கில் வெயில் இறங்கியது, கோபுரத்தின் கூர் முனைகளின் நிழல் வளாகத்துக்குள் நீண்டுகொண்டே வந்தது. ஐந்தரைக்கு பஸ் இருக்கிறது, போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் அந்தப் பெரியவரிடம், மேடை அப்போது எந்தப் பக்கம் இருந்தது, தாங்கள் பாய் விரித்தது எங்கே என்று கை காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடத்துக்கே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, கோவிலை அண்ணாந்து பார்த்தார்.

"இருப்பா, இருட்டட்டும். அப்பத்தான் நான் பார்த்த கோவில் தெரியும்."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.