களுவாஞ்சிக்குடி மணலில் ஒரு டூரியன் கன்று

கண்டி வீதியோரம் வாங்கி வந்த டூரியனைத் தின்ற கையோடு விதைகளைக் கழுவி ஈரத் தும்புக்குள் புதைத்துவிட்டேன். இதில் சுணங்கக் கூடாது. மற்ற விதைகளைப் போல இதை வெயிலில் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. ஈரம் போனால் சில நாட்களிலேயே உயிரும் போய்விடும். ஒரு கிழமைக்குள் வேர் எட்டிப் பார்த்தது. அப்புறம் தண்டு நிமிர்ந்து முதல் இலைகள் விரிந்தன. இலையின் அடிப்பக்கம் செம்புப் பொடி தூவியது போல மின்னுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அம்மாவுக்கு இந்தப் பழத்தின் மணமே ஆகாது. "காய்ச்சா ஊரெல்லாம் நாறுமே மனே" என்கிறார். அந்த மணம் கந்தகச் சேர்மங்களால் வருவது. 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் என்ற வகையின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, அந்தச் சேர்மங்களை உண்டாக்க உதவும் மரபணுப் பிரதிகள் டூரியனில் பெருகியிருப்பதைக் காட்டினார்கள். எனக்கும் தங்கச்சிக்கும் அந்த மணம்தான் பழத்தின் பாதிச் சுவை.

சரி, கன்றுக்கு வருவோம். டூரியன் ஈரவலயத்து மரம். அதற்கு மழை வருடம் முழுக்கப் பரவிப் பெய்ய வேண்டும். கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கோ மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் பெப்ரவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைவிடக் கொடியது கச்சான். தென்மேற்கில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்கும் காற்று அது. ஆனி, ஆடியில் இளம் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியதும், காற்று வரும் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டினேன். அடியில் தென்னந்தும்பும் காய்ந்த வாழைச் சருகும் தடிப்பாகப் பரப்பினேன். மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. ஒரே தடவையில் வாளி வாளியாக ஊற்றுவதைவிட, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதுதான் பலன் தந்தது. கோடையில் எங்கள் கிணறு உவர்ப்பதால், பீலியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் கன்றுக்கென்றே ஒதுக்கினேன்.

மாரியில் கவலை தலைகீழ். தண்ணீர் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி வேரையும் தண்டையும் அழுக வைத்துவிடும். அதனால் மண்ணோடு பழைய சாணமும் கொம்போஸ்டும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதில்தான் கன்றை நட்டேன். பெருமழையிலும் மேட்டில் தண்ணீர் நிற்கவில்லை. இப்போது புதுத் துளிர் விட்டிருக்கிறது. தென்னை நிழல் இன்னும் கொஞ்சக் காலம் அதற்குத் தேவை.

விதைக் கன்று காய்க்க ஏழு, எட்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். தாய்ப் பழத்தின் சுவை அப்படியே வரும் என்றும் இல்லை. ஒட்டுக் கன்று அதைவிட முந்திக் காய்க்கும். அத்தோடு, டூரியனில் பல மரங்கள் சொந்த மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிப்பதில்லை. ஆகவே மழை தொடங்கியதும் ஒட்டுக் கன்று ஒன்றைப் பக்கத்தில் நடப்போகிறேன். அதற்கான மேட்டைத் தங்கச்சி இப்போதே கட்டத் தொடங்கிவிட்டாள்.