எக்ஸ்பியை விடாத அச்சகங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆனாலும் அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகள் எக்ஸ்பியிலேயேதான் தயாராயின. சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற அந்த டிடிபி மேசையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். பழைய வேலை எல்லாம் அதில்தான், அதுவும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லாத எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். சில தமிழ் மென்பொருள்கள் ஓடுவதற்கு பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு லாக் வேறு வேண்டும். புதுக் கணினியில் அந்த போர்ட்டே கிடையாது!

விண்டோஸ் 10 விஷயம் இன்னும் எரிச்சல். 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு நின்றது, சரி, 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2017-இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. பழசை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். வாடிக்கையாளர் நீட்டுகிற பென் டிரைவை முதலில் வேறு கணினியில் ஸ்கேன் செய்யுங்கள்.