ஆள் எடுக்கும்போது எதை மென்பொருளிடம் விடலாம், எதற்கு நாமே போன் போட வேண்டும்

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலோ ரசாயன ஆலையின் இயந்திரங்களை இயக்கும் பிளான்ட் ஆபரேட்டர் வேலைக்கு ஒரு விளம்பரம் போட்டால் போதும், மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ரெஸ்யூம் குவிந்துவிடும். எல்லாவற்றையும் ஒருவரே உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் ஏடிஎஸ் எனப்படும் ஆள்சேர்ப்பு மென்பொருள் தேவைதான். வந்ததைப் பதிந்துவைக்க, தேதியை நினைவூட்ட, யாருக்கு என்ன பாக்கி என்று காட்ட அதைவிட நல்ல உதவி கிடையாது. ஆனால் ஆளை ஒதுக்கும் வேலையையும் அதனிடமே கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் வருகிறது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகூர்க்காரருக்குக் கடலூர் பக்கம், புதுச்சேரி நகரம்தான் தூரம். கடலூர் வேலைக்கு 'மாநிலம்: தமிழ்நாடு' என்று வடிகட்டினால் பாகூரும் கிருமாம்பாக்கமும் பட்டியலிலிருந்தே காணாமல் போகும், இரண்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால். 'புதுச்சேரி' என்று தேடினால் நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் வராது. அது விழுப்புரம் மாவட்டம். முகவரியில் வெறுமனே மேட்டுப்பாளையம் என்று எழுதியவர் கோவை மாவட்டத்துக்காரராகப் பதிவாகிவிடலாம். மாநிலத்தை வைத்து வடிகட்டுவதை விட்டுவிட்டு 605, 607 என்று தொடங்கும் பின்கோடுகள் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்ஷியலும் இப்படித்தான் படுத்தும். ஒரு விண்ணப்பத்தில் 'எஸ். முருகன்', இன்னொன்றில் 'முருகன் சுப்ரமணியன்' என்று இருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர். செல்போன் எண்ணை மட்டும் வைத்துச் சரிபார்த்தாலும் பிசகும். அண்ணன், தம்பி இருவரும் வீட்டில் உள்ள ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் சரியாக வரும். தமிழில் வரும் ரெஸ்யூமை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது உள்ளே போனதும் புரியாத எழுத்துக் குப்பையாகிவிடும். செல்போனில் படம் பிடித்து அனுப்பிய ரெஸ்யூமில் பல மென்பொருள்களால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. அனுபவம் பூஜ்யம் என்று பதிவாகும், ஆள் பட்டியலின் அடியில் போய் உட்காருவார். பதினைந்து வருஷம் ரியாக்டர் ஓட்டியவருக்கு இது நடப்பது கொடுமை.

வயது 18, வேலைக்குக் கட்டாயமான படிப்பு, உரிமம் போன்ற ஆம், இல்லை கேள்விகளோடு தானியங்கி நிராகரிப்பு நிற்கட்டும். மீதியை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்று மூன்று வருஷம் இடைவெளி விட்ட க்யூசி (தரப் பரிசோதனை) கெமிஸ்டுக்கு எச்பிஎல்சி என்ற பரிசோதனைக் கருவியில் கை மறந்திருக்கிறதா இல்லையா என்பதை ரெஸ்யூமில் உள்ள இடைவெளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பேசினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இனி போன். 'மூன்று முறை கூப்பிட்டோம், எடுக்கவில்லை, ஆர்வம் இல்லை' என்று டிராக்கரில், அதாவது ஆள்சேர்ப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் பட்டியலில், எழுதுவது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அநியாயம். தீப்பற்றும் ரசாயனங்களைக் கையாளும் பகுதிக்குள் சாதாரண செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது லாக்கரில் கிடக்கும். ஷிஃப்ட் 6 மணி, 2 மணி, 10 மணி என்று மாறும் இடத்தில், காலை 11 மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது அவர் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். டிராக்கரில் 'இந்த வாரம் எந்த ஷிஃப்ட்' என்று ஒரு கட்டம் சேருங்கள். மூன்று அழைப்பையும் மூன்று நாளில், வெவ்வேறு நேரங்களில் செய்யுங்கள். முதல் வாட்ஸ்அப் செய்தியில் நிறுவனத்தின் பெயரைப் போடாதீர்கள், பூட்டிய திரையிலும் அது தெரியும், பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கலாம். எடுத்ததும் கேட்க வேண்டியது, 'வணக்கம் சார், டியூட்டியில இருக்கீங்களா, அப்புறம் கூப்பிடட்டுமா?' என்பதுதான்.

சம்பளத்தை மெயிலில் மட்டும் சொல்லிவிட்டு விடவே கூடாது. ஒரு கணக்கு பாருங்கள். மொத்தச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய், அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 12,000. வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் அந்த 12,000-இல் 12 சதவீதம் என்றால் 1,440, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் என்றால் 135. இரண்டும் போக கையில் வருவது 16,425. நிறுவனம் தன் பங்குக்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 585 கட்டும். பிஎஃப் நிர்வாகக் கட்டணத்தை விட்டுவிட்டாலும் சிடிசி, அதாவது அவருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, 20,025 ஆகிறது. ஆஃபர் லெட்டரில் இருப்பது அந்தப் பெரிய எண். வீட்டில் இருபதாயிரம் என்று சொல்லிவிட்டு, முதல் மாதம் பதினாறு சொச்சம் வந்ததும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பது இயல்பு. கடிதம் அனுப்புவதற்கு முந்தின நாள் கூப்பிட்டு, கையில் வரும் தொகை, கம்பெனி பஸ் நிற்கும் இடம், கேன்டீன் பிடித்தம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

ஒப்புக்கொண்டவர் கடைசியில் வராமல் போவது பெரும்பாலும் பழைய வேலையில் ராஜினாமா கொடுத்துவிட்டு விலகும்வரை காத்திருக்கும் நோட்டீஸ் பீரியடில்தான். பழைய இடத்தில் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்வார்கள், வீட்டில் யோசனை மாறும். சான்றிதழ் கேட்பது, யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணை வாங்குவது போன்றவற்றை மென்பொருளே நினைவூட்டட்டும். ராஜினாமா கொடுத்த மறுநாளும், பாதி நாள் கடந்ததும், ஜாயினிங்குக்கு ஒரு வாரம் முன்பும் மட்டும் நீங்களே பேசுங்கள். பேசும்போது குரல் தயங்கினால், மாற்று ஆளைத் தேட அப்போதே தொடங்கலாம். 'ஓகே சார்' என்று வந்த குறுஞ்செய்தியில் அந்தத் தயக்கம் தெரியாது.

விண்ணப்பம் மட்டும் போட்டவருக்கு 'இல்லை' என்பதைச் செய்தியாக அனுப்பினால் போதும். லீவு போட்டு, சம்பளத்தை இழந்து நேர்காணலுக்கு வந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் போனில் சொல்ல வேண்டும், காரணத்தோடு. 'டிஸ்டிலேஷன் கேள்விகளில் பதில் போதவில்லை' என்றால் அவர் அடுத்த முறைக்குப் படித்துக்கொள்வார்.

உறவையும் பழக்கத்தையும் மட்டும் நம்புவதிலும் அநீதி இருக்கிறது. 'நம்ம ஊர்ப் பையன், நல்லா பாத்துப்பான்' என்ற சிபாரிசு வழியாகவே ஆள் எடுத்தால் ஒரே தெருக்காரர்களும் ஒரே சாதிக்காரர்களும் உள்ளே வருவார்கள், தெரிந்தவர் இல்லாதவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். இங்கே மென்பொருள்தான் காப்பு. சிபாரிசில் வந்தவரும் அதே விண்ணப்பத்தை நிரப்பட்டும், எல்லாரிடமும் அதே ஆறு கேள்விகளைக் கேளுங்கள். நேர்காணல் செய்த இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியே மதிப்பெண்ணைப் பதிய வேண்டும். சிபாரிசு செய்தவர் பெயர் உள்ள கட்டத்தை அதுவரை மறைத்துவையுங்கள். எக்செல் டிராக்கர் வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரை வேறொரு ஷீட்டில் வைத்தாலே போதும்.