சுவாசப்பை எத்தனை வீதம் சுருங்கியது என்று கேட்பவர்களுக்கு

"எத்தினை வீதம் தம்பி சுருங்கிட்டுது?" எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கிற அம்மாமார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். உயரமாய், மெலிவாய், வேறு நோயேதும் இல்லாத பெடியன் ஒருவன் திடீரென்று நெஞ்சு குத்துது, மூச்சு முட்டுது என்று வருவான். படத்தைப் பார்த்தால் சுவாசப்பைக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்றுப் புகுந்து, சுவாசப்பை உள்ளே சுருங்கியிருக்கும். யாரோ "பாதி போட்டுது" என்று சொல்லியிருப்பார்கள், அந்த ஒரு சொல்லோடு அந்தத் தாய் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருப்பார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தில் சுருங்கிய சுவாசப்பையின் விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு வெளியே இரத்தக்குழாய்களின் நிழல் இருக்காது, வெறும் கறுப்புத்தான். அந்தக் கோட்டுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிறோம். சரி, எந்த இடத்தில் அளப்பது? பிரிட்டனின் 2010 வழிகாட்டல், பெரிய இரத்தக்குழாய்கள் சுவாசப்பைக்குள் நுழையும் மட்டத்தில் அளந்து 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பெரிது என்றது. அமெரிக்காவின் 2001 வழிகாட்டல் உச்சியில் அளந்து 3 சென்ரிமீற்றரை எல்லையாக வைத்தது. நின்றபடி எடுக்கிற படத்தில் காற்று மேலேதான் சேரும் என்பதால் உச்சியில் 4, நடுவில் 1 என்று இருக்கலாம், அப்போது ஒரே படம் அங்கே பெரிது, இங்கே சிறிது.

வீதமும் இப்படித்தான். லைட் என்ற மருத்துவரின் முறையில், அந்தப் பக்க நெஞ்சின் அகலம் 10, சுவாசப்பையின் அகலம் 8 என்றால், 10×10×10, 8×8×8 என்று பெருக்கி 1000க்கு 512 சுவாசப்பை என்று எடுப்பார்கள், மிச்சம் 488, ஆக 49 வீதம் காற்று. 2 சென்ரிமீற்றர் பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் சுவாசப்பை எல்லாப் பக்கமும் சேர்ந்து சுருங்குவதால் கொள்ளளவு பாதியாகிவிடுகிறது. 1995இல் கொலின்ஸ் குழுவினர் சீடி ஸ்கானோடு ஒப்பிட்டு இன்னொரு சூத்திரம் தந்தார்கள்: உச்சி, மேல்பாதியின் நடு, கீழ்ப்பாதியின் நடு, இந்த மூன்று இடைவெளிகளையும் கூட்டி, 4.7ஆல் பெருக்கி, 4.2 சேர்க்கவேண்டும். அதே பெடியனுக்கு 3, 2, 2 என்று வந்தால் 37 வீதம். சுவாசப்பை மாறவில்லை, கணக்குத்தான் மாறியது.

போனில் பிடித்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அளந்து சொல்லச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொலின்ஸ் முறைக்கு உண்மையான சென்ரிமீற்றர் வேண்டும், போன் திரையில் அது கிடைக்காது. அப்புறம், படுத்தபடி எடுத்த படத்தில் காற்று முன்பக்கம் பரவிப் போவதால் பெரிய அளவுகூடக் கண்ணில் படாமல் போகலாம். உண்மையான கொள்ளளவு வேண்டுமென்றால் சீடி ஸ்கான்தான், ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது.

அளவை மட்டும் வைத்து, காற்றை வெளியே எடுக்க நெஞ்சுக்குள் ட்யூப் போடுகிற வழக்கமும் மாறிக்கொண்டு வருகிறது. 2020இல் வெளியான அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வில், முதல் தடவை இப்படி வந்த, கொலின்ஸ் கணக்கில் 32 வீதத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரை ட்யூப் போடாமல் கவனித்துப் பார்த்தார்கள், அவர்களில் 100க்கு 85 பேரளவில் பிறகும் ட்யூப் தேவைப்படவில்லை. பிரிட்டனின் 2023 வழிகாட்டலும் நோயாளி எப்படி மூச்சு விடுகிறார் என்பதற்கே முதலிடம் தருகிறது. அதனால் வீதத்தோடு நிற்காமல், மூச்சு எப்படி, ஒட்சிசன் எவ்வளவு, அடுத்த படம் எப்போது என்றும் டொக்டரிடம் கேளுங்கள். மூச்சு மோசமாகி இரத்த அழுத்தமும் விழுந்தால் அளந்துகொண்டு நிற்க நேரமில்லை, உடனே காற்றை வெளியே எடுக்கவேண்டும்.

வீட்டுக்குப் போகலாம் என்றால், எங்கே வீடு என்பதையும் சொல்லுங்கள். நல்லூரில் இருப்பவர் ஓட்டோ பிடித்துத் திரும்பி வரலாம், நெடுந்தீவில் இருப்பவர் இரவில் படகுக்கு எங்கே போவார்? பலாலியிலிருந்து சென்னைக்கு ரிக்கெற் போட்டிருந்தால் அதையும் மறைக்கவேண்டாம், உயரத்தில் உள்ளே நிற்கும் காற்று விரியும், முழுக்க வற்றிவிட்டது என்று படத்தில் தெரியும்வரை பறக்கக்கூடாது. சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுகிற தம்பிமார் காற்று வற்றிய பிறகும் டொக்டரிடம் தெளிவாகக் கேட்காமல் திரும்பக் கடலில் இறங்கவேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தொழிலை நிரந்தரமாக விடச் சொல்வார்கள்.