நெடும்பாசேரியில் இரவு விமானம், பாலக்காட்டில் கடைசிப் பகல்

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் சுற்ற வந்த நண்பர். கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து இரவு 11 மணி வாக்கில் விமானம். கோவையில் அறையைக் காலி செய்தாயிற்று. கையில் இருப்பது ஒரு பகல். இந்த மாதிரி நாளில் பலர் மலம்புழா அணைக்குப் போய், மதியம் நெல்லியாம்பதி மலை ஏறி, பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறார்கள். வேண்டாம். விமான நாளில் வண்டியின் முகம் எப்போதும் மேற்கே இருக்கட்டும்; போன வழியே திரும்பி வரும்படியான இடம் எதையும் சேர்க்காதீர்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 11 மணி விமானத்துக்கு 8 மணிக்கு டெர்மினல் வாசலில் நிற்க வேண்டும். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் வடக்கஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி சுமார் 75 கி.மீ. சாலை காலியாக இருந்தால் இரண்டு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் திருச்சூர் தாண்டி சாலக்குடி, அங்கமாலி வரை மாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஆகவே வடக்கஞ்சேரியை 4 மணிக்குத் தாண்டிவிட வேண்டும். பகலின் மற்ற நேரமெல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

கோவையில் 7 மணிக்குக் கிளம்பினால் கேரள எல்லையான வாளையார் சுமார் 25 கி.மீ. தமிழ்நாட்டு டாக்ஸி என்றால் கேரள பெர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவு யார் தலையில் என்று முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். காலை நேரத்தில் செக்போஸ்ட் ஓரம் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசுகிற பேச்சு அல்ல அது.

காலைச் சாப்பாடு ராமசேரியில். எலப்புள்ளி பஞ்சாயத்தில் உள்ள சின்ன ஊர். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் போடும் இட்லிக்குப் பேர் போனது. தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவான வடிவில் இருக்கும். இட்லித் தட்டே கிடையாது. மண் வளையத்தின் வாயில் நூலால் வலை பின்னி, அதன்மேல் ஈரத்துணி விரித்து, மாவை வட்டமாக ஊற்றுவார்கள். வளையத்தைத் தண்ணீர் கொதிக்கும் பானைமேல் வைத்து, மேலே இன்னொரு பானையைக் கவிழ்ப்பார்கள். ஆவி நூலிடுக்கு வழியாக நேரே மாவில் ஏறுவதால் அடிப்பக்கத்தில் தண்ணீர் கோக்காது. பொடியில் தேங்காயெண்ணெய் குழைத்துக் கொடுப்பார்கள். சட்னியை விட அதுதான் இதற்குப் பொருத்தம். விறகடுப்பில் ஒன்றிரண்டாக வேகிற பண்டம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அரைமணி காத்திருக்க நேரும். 8.15க்குள் போய்ச் சேருங்கள்.

அங்கிருந்து கல்பாத்தி, பாலக்காட்டில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பழைய அக்ரஹாரம். 9.30க்கு இறங்குவது உத்தமம், ஏனென்றால் கோயில் நடை உச்சிக்கு முன்பே சாத்திவிடும், பிறகு மாலைதான். விஸ்வநாத சுவாமி கோயில் தெருவை விடத் தாழ்வாக, ஆற்றங்கரையில் இருக்கிறது. படியிறங்கித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் துணைக்கு ஒரு தோள் பிடித்துக்கொள்ளட்டும். 1425 வாக்கில் லட்சுமி அம்மாள் என்பவர் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம் என்பது கோயில் வரலாறு. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று ஊரில் சொல்வார்கள். ஆண்கள் வேட்டி எடுத்துப் போவது நல்லது.

கோயிலை விட எனக்குத் தெருதான் முக்கியம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், திண்ணை, வாசலில் கோலம், உள்ளேயிருந்து கேட்கும் தமிழ். நண்பர் எதைக் கேட்டாலும் தமிழிலேயே பதில் வரும். ஆனால் இது காட்சிக்கு வைத்த தெரு அல்ல, ஆள் குடியிருக்கும் தெரு. திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். நவம்பர் நடுவில் தேர் வருகிற நாட்களில் மட்டும் விமானத்தை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள். வண்டி உள்ளே போனால் எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

வாங்குவதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்: அப்பளம், வடாம், மோர்மிளகாய், ஊறுகாய். ஊறுகாய் கட்டாயம் பெரிய பெட்டியில் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துவிடுவார்கள். பாட்டில் மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துத் திருகி, பிறகு இரட்டைப் பையில் கட்டுங்கள். கொப்பரை எந்தப் பெட்டியிலும் வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டுமே. நேந்திரங்காய் சிப்ஸ் அன்றைக்குப் பொரித்ததா என்று ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தேங்காயெண்ணெயில் பொரித்தது பழசானால் சிக்கு வாடை அடிக்கும்.

11 மணிக்குப் பாலக்காட்டுக் கோட்டை. ஹைதர் அலி 1766இல் கட்டியது, 1790இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊர்க்காரர்களுக்குத் திப்பு கோட்டை. அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. உள்ளே அரண்மனை மாதிரி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அகழியைச் சுற்றி ஒரு நடை, உள்ளே ஆஞ்சநேயர் கோயில், முக்கால் மணி நேரம் தாராளம். மார்ச்சிலிருந்து மே வரை இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மலம்புழாவை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். அணையை 1955இல் திறந்து வைத்தவர் காமராஜர். மலபார் அப்போது சென்னை மாநிலத்தோடு இருந்தது. சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலை இருக்கிறது, ரோப்வே இருக்கிறது. எல்லாம் சரிதான், ஆனால் ஊருக்கு வடக்கே 10 கி.மீ. போய், பார்த்து, அதே வழியில் திரும்ப வேண்டும். ரோப்வே வரிசையே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். நெல்லியாம்பதி அதைவிட மோசம். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றாலும், மழையில் மண் சரிந்தாலும், விமானம் கோவிந்தா.

12.30க்கு ஊண். இலைச் சாப்பாடு எங்கும் கிடைக்கும், 2 மணிக்கு மேல் கூட்டு, பொரியல் குறைய ஆரம்பிக்கும். சாப்பிட்டு நெடுஞ்சாலைக்குப் போகாமல் கொல்லங்கோட்டுச் சாலையில் தெற்கே திரும்புங்கள். சுற்று மாதிரித் தெரியும், ஆனால் நென்மாற வழியாக வடக்கஞ்சேரியில் போய் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்ளும். வழியில் வடவன்னூர். எம்.ஜி.ஆரின் தாயார் சத்யபாமாவின் ஊர். 1917இல் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். சிறுவயதில் இருந்த வீடு இங்கே நினைவில்லமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. சின்ன வீடுதான். உள்ளே பார்க்க முடியுமா என்று முந்தின நாளே விசாரித்து வையுங்கள். மலேசியாவிலிருந்து வரும் அம்பது வயதுக்காரருக்கு இந்த அரைமணி நேரம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும்.

கொல்லங்கோடு தாண்டியதும் வலப்பக்கம் வயலும் பனையும், இடப்பக்கம் மதில் போல நெல்லியாம்பதி மலை. ஜூலை, ஆகஸ்டில் மலைமுகத்தில் வெள்ளைக் கோடு கோடாக அருவி இறங்குவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மலை ஏறாமலே மலை பார்த்த கணக்கு.

வடக்கஞ்சேரி தாண்டினால் பன்னியங்கரை டோல், பிறகு குதிரான் மலை. முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் மணிக்கணக்கில் வண்டி நிற்கும். 2021இலும் 2022இலும் இரண்டு சுரங்கப்பாதைகள் திறந்த பிறகு அந்தப் பாடு தீர்ந்தது. ஃபாஸ்டாகில் காசு இருக்கிறதா என்று டிரைவரைக் காலையிலேயே கேளுங்கள்.

கொச்சியில் வெளிநாட்டு விமானங்களுக்கு டெர்மினல் 3. டிக்கெட் இல்லாதவருக்குக் கதவோடு சரி, உள்ளே விடமாட்டார்கள். அதனால் கடைசிக் காப்பியை அங்கமாலிக்கு முன்பே குடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பெட்டிக்குள் போகாமல் கையில் இருக்கட்டும். வாசலில் பெட்டியைத் திறந்து தேடும்போதுதான் ஊறுகாய்ப் பை கிழியும்.

விமானம் கோவையிலிருந்து என்றால் இதே வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள். ராமசேரி இட்லியும் கல்பாத்தி நடையும் காலைக்குரியவை. வடவன்னூரை விட்டுவிட்டு, கோட்டையோடு முடித்து, மூன்றரைக்கு வாளையார் பக்கம் திரும்பினால் பீளமேடு விமான நிலையத்துக்குப் போதும்.