காற்று எந்தப் பக்கம்: விஸ்கான்சின் நாட்குறிப்பு

செப்டம்பர் 13, வெள்ளி

நாளை மான் வேட்டையின் வில் பருவம் திறக்கிறது. வேட்டை உடைகளை வாசனையில்லாத சோப்பில் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டிருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. இவள் கடுகு தாளித்தாள். மறுபடியும் துவைத்தேன். "மானுக்குச் சாம்பார் வாசனை தெரியவா போகிறது?" என்றாள். தெரியாது. அதனால்தான் ஓடும்.

செப்டம்பர் 14, சனி

வெயில், கொசு. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஸ்பிரிங் கிரீனுக்கு மேற்கே, எனக்கு வேட்டை சொல்லித்தரும் பெரியவரின் மேட்டில் காலை முழுவதும் நடந்தேன். மரமேறாமல் தரையைப் பார்த்து நடப்பதற்கு ஒரு நாளை ஒதுக்கு என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வெள்ளை ஓக் மரங்கள் நான்கில் ஒன்றுதான் இந்த ஆண்டு காய்த்திருக்கிறது. கொட்டைகள் விழத் தொடங்கிவிட்டன. அடியில் புதுப் புழுக்கை, ஈரம் காயாமல் பளபளவென்று. இருபது அடி தள்ளிச் சிவப்பு ஓக் குலைகுலையாய்த் தொங்குகிறது, அதன் அடியில் ஒன்றுமே இல்லை. சிவப்பில் துவர்ப்பு அதிகம். வெள்ளை தீர்ந்த பிறகுதான் அதன் பக்கம் வரும். ஆக, ஓக் மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது; இந்த வாரம் எந்த மரம் உதிர்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஓடைப் பரணின் ஏணியில் மூன்றாம் படி கிறீச்சிடுகிறது. ஆணி கொண்டுவர மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாலை ஐந்தரைக்குப் பெரியவரின் போன். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "காற்று?" என்றார். தென்மேற்கு என்றேன். "அப்படியானால் ஓடைப் பக்கம் போகாதே" என்று வைத்துவிட்டார். இடுப்பு மூட்டை மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாராம். கோபமாக இருக்கிறார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காது கிழிந்த பெட்டையை இன்று முதன்முறையாகப் பார்த்தேன். இடக்காது முனையிலிருந்து பாதி வரை இரண்டாகப் பிளந்திருக்கிறது. கூடவே இரண்டு குட்டிகள், புள்ளி மறைந்து சாம்பல் ஏறுகிற பருவம். அறுபது மீட்டரில் நின்று முன்னங்காலைத் தரையில் தட்டினாள். ஒரு தட்டு, ஒரு நிதானம், இன்னொரு தட்டு. தலையைக் குனிவதுபோல் குனிந்து சட்டென்று நிமிர்ந்தாள். நான் அசைகிறேனா என்று பார்க்கும் தந்திரம் அது. நான் அசையவில்லை. ஆனால் என் வாசனை அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூக்கால் ஒரு சீறல். வெள்ளைவால் கொடிபோல் உயர, மூன்றும் போய்விட்டன.

காற்று மேற்கு என்றுதான் செயலி சொன்னது. செயலி மலைக்கு மேலே வீசும் காற்றைச் சொல்கிறது. மரத்தடிக் காற்று வேறு. சட்டைப் பையில் பழைய ஃபிலிம் டப்பா நிறைய மில்க்வீட் பஞ்சு வைத்திருக்கிறேன். நம் எருக்கின் உறவுக்காரச் செடி. காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு, அதே விதை. ஒரு இழையைப் பரணிலிருந்து விட்டேன். முதலில் கிழக்கே போனது. பிறகு நின்றது. பிறகு, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல், சரிவில் கீழ்நோக்கி, அவள் நின்ற இடத்துக்கே நேராக இறங்கியது.

மாலையில் சரிவு குளிர்ந்தால் காற்று தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு வடியும். காலையில் வெயில் ஏறினால் மேலே எழும். காலைக்கு மேட்டுப் பரண், மாலைக்கு ஓடைப் பரண். போன வருடமே இதை எழுதி வைத்திருந்தேன். எழுதியும் மாலையில் மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 5, சனி

சிறுவர்களுக்கான துப்பாக்கி வேட்டை, இன்றும் நாளையும். வில்லோடு போகிறவர்களும் ஆரஞ்சு அணிந்தாக வேண்டும். போகவில்லை. ஏணிப் படிக்கு ஆணி வாங்கினேன்.

அக்டோபர் 9, புதன்

கொல்லையில் தினமும் ஐந்து அம்பு. ஐம்பது விட வேண்டியதில்லை. காட்டில் முதல் அம்பு ஒன்றுதான் கணக்கு, கை சூடேறாமல் விடுகிற அம்பு. பதினெட்டு மீட்டருக்குள் ஐந்தும் ஒரு தோசைக்கல் அகலத்துக்குள் விழுகின்றன. இருபத்தைந்தில் விரிகின்றன. ஆகவே பதினெட்டுதான் என் எல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

பெரியவர் கேட்டார்: "மரமேறும் பாதுகாப்புக் கச்சை புதிதா பழையதா?" பழையது என்றேன். வாரில் தேய்மானம் இருந்தால் தூக்கி எறி என்றார். தரையில் கால் இருக்கும்போதே கயிற்றில் கொக்கியை மாட்ட வேண்டும், மேலே போன பிறகு அல்ல. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது, கயிறு கட்டி மேலே இழுக்க வேண்டும். இதை அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. இடுப்பு எப்படிப் போனது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

அக்டோபர் 19, சனி

விட்டேன். பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. இன்று எழுத முடியாது.

அக்டோபர் 20, ஞாயிறு

இருபத்தேழு மீட்டர். பதினெட்டு என்று பெரிய எழுத்தில் எழுதியவன்தான் நான்.

தனிப் பெட்டை, இளசு. முன்காலும் தோளும் என் பக்கம் இருக்க, பக்கவாட்டில் நின்றது. முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பார்வையை வைத்தேன். நாண் சத்தத்துக்கே அது உடலைத் தாழ்த்தி முன்னே பாய்ந்தது. பதினெட்டில் அதற்கு அந்த நேரம் கிடைத்திருக்காது. நுரையீரலில் பட்ட மான் தலைதெறிக்க ஓடும். இது ஓடவில்லை. முதுகை வளைத்து, வாலைக் கவட்டுக்குள் ஒடுக்கி, வயிற்றுவலிக்காரர்போல் நடந்து போயிற்று. அப்போதே தெரிந்துவிட்டது.

அம்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பச்சை கலந்த பிசுபிசுப்பு, மென்ற புல், நாற்றம். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சை என்றால் இரவு முழுவதும். இப்போதே துரத்தினால் எழுந்து எழுந்து ஓடி, கிடைக்காத தூரத்தில் போய்ச் சாகும். விட்டுவைத்தால் படுத்த இடத்திலேயே சாகும். ஆனால் நேற்று இரவு குளிரவில்லை, கறி கெட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் படுக்கையில் புரண்டேன். மரத்தடியிலிருந்தே பெரியவரைக் கூப்பிட்டிருந்தேன். "வந்த வழியே போய்விடு. காலையில் பார்க்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காலை ஏழு மணிக்குப் போனேன். ரத்தம் சொட்டாக, இலைக்கு ஒன்று, பத்தடிக்கு ஒன்று. ஒவ்வொரு சொட்டிலும் காகிதத் துண்டு வைத்துக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது திசை தெரியும். பதினாறு துண்டு வைத்தேன். பதினாறாவது, அடுத்தவர் வேலிக்கு அரையடி முன்னால். அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. அடிபட்ட மானுக்காகவும் கூடாது, அதுதான் சட்டம். போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொரு முறை செய்தேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பகல் ஒன்றரைக்கு எடுத்து, "தாராளமாகப் போங்கள், தேவாலயத்தில் இருந்தேன்" என்றார். அவர்மேல் என்ன குற்றம்?

தடம் பிடிக்கும் நாயோடு ஒருவர் வந்தார். கம்பிமுடி டேஷண்ட், என் முழங்காலுக்கும் கீழே. பத்தே நிமிடம். ஓடைக்கரையில் தண்ணீரைப் பார்த்தபடி படுத்திருந்தது. வயிற்றில் பட்டவை தண்ணீர் தேடிப் போகும். வயிறு உப்பிவிட்டது. தொடையடியில் தோல் பச்சையாகியிருந்தது. கத்தியை வைத்ததுமே நாயின் சொந்தக்காரர் தலையை அசைத்தார்.

பதிவு செய்தேன். விதிப்படி மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் செய்தாக வேண்டும். ஒரு கிலோகூட வீட்டுக்கு வராத மானுக்கும் ஒரு எண் வந்தது.

அக்டோபர் 21, திங்கள்

வில்லைத் தொடவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

தொடவில்லை. மூன்றாம் படிக்கு ஆணி அடித்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 3, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளியாயிற்று. மான்களுக்குச் சொல்லவில்லை.

பெரியவர் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்தார். "எத்தனை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய்? இது நவம்பர் முதல் வாரம். இதை வீணாக்காதே."

நவம்பர் 7, வியாழன்

விடுப்பு. இருட்டில் ஏறி இருட்டில் இறங்கினேன். இணைதேடும் காலத்தில் நடுப்பகலில் இறங்குகிறவன் முட்டாள். பெட்டைகள் படுத்திருக்கும்போது கிடாக்கள் ஒவ்வொரு புதராக முகர்ந்துகொண்டு திரிவது பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்தான். இப்போது தீனி இருக்கும் இடத்தில் உட்காருவதைவிட, பெட்டைகள் படுக்கும் இடத்துக்குக் காற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம் உட்காருவது நல்லது. கிடா அந்த விளிம்பில்தான் வருவான். ஒரே முகரலில் உள்ளே யார் யார் என்று தெரிந்துகொள்வான்.

வந்தான். 11:40. எட்டுக் கிளைக் கொம்பு, கழுத்து வீங்கி, பின்னங்கால் முட்டியில் கருத்த மயிர்க்கொத்து. தலைக்கு மேல் தாழ்ந்த கிளையொன்றை வாயில் கவ்வி, கண்ணோரச் சுரப்பியை அதில் தேய்த்தான். பிறகு முன்காலால் தரையைக் கீறி, கீறிய மண்ணில் பின்னங்கால்களைச் சேர்த்து நின்று சிறுநீர் விட்டான். புளித்த வாடை என் பரண்வரை ஏறியது. முப்பது மீட்டர்.

வில்லைத் தூக்கவில்லை. இதை இரவில் நினைத்துக்கொள்ள நன்றாக இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

காது கிழிந்தவள் மறுபடியும். மறுபடியும் சீறல். இந்த முறை பஞ்சைச் சோதிக்கவே இல்லை. சோம்பல்.

நவம்பர் 15, வெள்ளி

பௌர்ணமி. நிலவு பார்த்து வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "நிலவுக்கு வாசனை கிடையாது" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

நாளை ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். பெரியவர் தன் .243 ரைஃபிளைக் கொடுத்திருக்கிறார். மூன்று தோட்டா சுட்டுக் குறியைச் சரிபார்த்தேன். ஆரஞ்சு மேல்சட்டை, தொப்பி. ஊர்க் குழுவில் படம் போட்டேன். "மான் கறிப் படம் எதையும் அனுப்பாதே மாப்பிள்ளை, இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது" என்று மாமா பதறினார். படத்தில் தெர்மாஸ் மட்டும்தான் இருந்தது.

நவம்பர் 23, சனி

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே சுடலாம். அந்த நிமிடத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தீபாவளி. இன்று மான்கள் தம் விருப்பத்துக்கு நடக்கவில்லை, மற்றவர்கள் நடக்கவைத்தபடி நடக்கின்றன. அதனால் தீனியும் இல்லை, படுக்கையும் இல்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த கழுத்துப் பகுதியில் உட்கார்ந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்வரும்போது மான்கள் எழுந்து நகரும். நகர்ந்தன, என் முதுகுக்குப் பின்னால்.

நவம்பர் 27, புதன்

காற்று வடமேற்கு, உறுதியாக. பஞ்சு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் போனது. மாலை 3:50க்கு ஓடைப் பரணின் எதிரே வந்தாள். குட்டிகள் பின்னால், இப்போது அவளுடைய தோள் உயரம். நின்றாள். மூக்கைத் தூக்கினாள். காற்றில் என்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கிழிந்த காது தனியாகத் திரும்பியது.

முப்பத்தைந்து மீட்டர். ரைஃபிளுக்கு அது தூரமே இல்லை.

நாற்பது எட்டு ஓடி விழுந்தாள். அப்படியும் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டிகள் இரண்டும் திரும்பி வந்து சற்று நேரம் நின்றன. அவை இப்போது தனியாகப் பிழைத்துக்கொள்ளும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நவிலல் நாள். வான்கோழியை இவள் பார்த்துக்கொண்டாள். நான் கொட்டகையில். நேற்று அங்கேயே வயிற்றைத் திறந்தாயிற்று: இரண்டு விரலைத் தோலுக்கு அடியில் விட்டு, கத்தியின் கூர் மேல்நோக்கி அந்த விரல்களுக்கு நடுவே ஓட வேண்டும், குடலில் படாமல். மூத்திரப்பையைக் கிள்ளிப் பிடித்து எடுக்க வேண்டும். உள்ளே கைவிட்டபோது மணிக்கட்டு வரை சூடு. இன்று எலும்பை விட்டுத் தசையைப் பிரித்தேன், தண்டுவடத்தை அறுக்காமல். முதுகுத் தசை இரண்டும் இரண்டு நீண்ட தலையணைபோல் வந்தன. கொழுப்பை முழுவதும் சீவினேன். மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும். கவிச்சி என்று சொல்கிறவர்கள் அந்தக் கொழுப்பைத் தின்றவர்கள்.

நவம்பர் 29, வெள்ளி

தலையைப் பரிசோதனைப் பெட்டியில் போட்டேன். பையைக் கட்டும்போது கிழிந்த காது வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளிக் கட்டினேன்.

தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கட்டியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மான்களை மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய்க்கான சோதனை இது. 2002இல் மவுன்ட் ஹோரெப் பக்கம் விஸ்கான்சினில் முதலில் கண்டார்கள். கிருமி அல்ல, மடிப்புப் பிறழ்ந்த புரதம். வேகவைத்தாலும் போகாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை இல்லை. ஆனாலும் இருப்பதாக முடிவு வந்தால் உண்ண வேண்டாம் என்கிறார்கள். அவள் கொழுத்துத்தான் இருந்தாள். தொடக்கத்தில் எல்லாம் கொழுத்துத்தான் இருக்குமாம்.

டிசம்பர் 3, செவ்வாய்

முடிவு வரவில்லை. பொட்டலங்கள் உறைபெட்டியின் கீழ்த்தட்டில், தனிப் பையில். "தொடாதே" என்று எழுதி ஒட்டினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

வரவில்லை. இவள் மிளகு, சோம்பு வறுத்துப் பொடித்து வைத்துவிட்டாள். இவளுக்கு எப்போதும் அவசரம்.

டிசம்பர் 9, திங்கள்

இணையத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். காலையில் மூன்று முறை.

பெரியவர் ஊன்றுகோல் இல்லாமல் ஓடைவரை நடந்தாராம். பரணில் ஏறவில்லை என்று சத்தியம் செய்தார். மூன்றாம் படி கிறீச்சிடவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 12, வியாழன்

கொம்பில்லாத மான்களுக்கான நான்கு நாள் பருவம் இன்று தொடங்கிவிட்டது. ஐந்தரைக்குப் போன். "காற்று?"

தென்கிழக்கு என்றேன். முடிவு வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை.